அங்காயி கொடுத்த முள்

அந்தக் காலத்தில் மாட்டு ஈ கடிக்காது. சொன்னால் நம்ப மாட்டீர்கள். கொல்லைப் பக்கம் துணி உலர்த்தப் போய்விட்டுக் கெண்டைக்காலைத் தட்டிக்கொண்டே ஓடிவருகிறீர்களே, அதே ஈதான். அப்போது அதன் வாய் பஞ்சுபோல மெத்தென்று இருந்தது. பூவில் தேன் குடிக்கும், மரத்தில் வடியும் பாலை நக்கும், மாட்டின் கண்ணோரத்தில் உட்கார்ந்து ஈரத்தை உறிஞ்சும். மாட்டுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும், அவ்வளவுதான்.

மனிதர்களும் மாடுகளும் ஈக்களும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருந்த காலம் அது. பேசத் தெரிந்தால் பொய்யும் சொல்லத் தெரிந்திருக்குமே என்று கேட்பீர்கள். மனிதர்களுக்குத் தெரிந்திருந்தது. மற்ற உயிர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

முளைக்குச்சியில் கட்டிக் கிடக்கும் மாட்டுக்குத் தன் முதுகுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. ஈதான் பறந்து பார்த்துவிட்டு வந்து காதோரம் உட்கார்ந்து சொல்லும். பின்னால் நாய் வருகிறது என்று சொல்லும். கன்று வேலியோரம் போய்விட்டது என்று சொல்லும். அதனால் மாடுகள் தங்கள் மூக்கை நம்பியதைவிட ஈயை அதிகம் நம்பின. மாட்டின் வாலுக்கு அப்போது ஒரு வேலையும் கிடையாது, சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் அங்காயி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் பெயர் சடையன். அந்த வருஷம் மழையும் இல்லை. அது போதாதென்று ஊருக்குள் கோமாரி நோய் புகுந்து ஆடு மாடுகளை எல்லாம் வாரிக்கொண்டு போனது. மிஞ்சியது அங்காயியின் செவலைப் பசு ஒன்றுதான். சினையாக இருந்ததால் அதை மந்தையில் விடாமல் வீட்டுக் கொல்லையிலேயே கட்டி வைத்திருந்தாள், அதனால் பிழைத்தது.

அங்காயிக்குப் பெண் குழந்தை பிறந்தது. எட்டாம் நாள் செவலையும் ஒரு கிடாரிக் கன்று போட்டது. இரண்டு பேரும் பிள்ளை பெற்ற வயிற்றோடு கொல்லையில் எதிரெதிரே உட்கார்ந்து, யாருக்கு வலி அதிகம் என்று பேசிக்கொள்வார்களாம். அந்தச் சிரிப்பு பத்து நாள்கூட நீடிக்கவில்லை. அங்காயிக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் விட்டபோது மார்பில் பால் வற்றியிருந்தது. ஊரில் கைப்பிள்ளைக்காரி வேறு யாரும் இல்லை. கஞ்சித் தண்ணீரைப் புகட்டினால் பிள்ளை வாந்தி எடுத்தது.

அங்காயி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு வந்து செவலையின் முன்னால் நின்றாள்.

"உனக்கு நாலு காம்பு இருக்கு தாயி. எனக்கு ரெண்டும் பட்டுப்போச்சு," என்றாள்.

செவலை யோசிக்கவே இல்லை. "ரெண்டு காம்பு உன் பிள்ளைக்கு, ரெண்டு காம்பு என் பிள்ளைக்கு. இதுக்குப் போய் அழுவாங்களா? செம்பை எடுத்துட்டு வா," என்றது.

அன்றே அங்காயி கறந்தாள், சங்கில் ஊற்றிப் புகட்டினாள், பிள்ளை குடித்துவிட்டுத் தூங்கியது. எல்லாம் சரியாகத்தான் தொடங்கியது.

ஆனால் வறட்டு வைக்கோலைத் தின்கிற மாட்டுக்கு எவ்வளவு பால் சுரக்கும்? இரண்டு காம்பிலும் சேர்த்து உள்ளங்கை அளவுதான் வந்தது. பிள்ளை குடித்து முடித்த பிறகும் சங்கைச் சப்பிக்கொண்டே அழுதது. பசித்த பிள்ளையின் அழுகையைக் கேட்டுக்கொண்டு கைகட்டி நிற்க எந்தத் தாயால் முடியும்? ஒருநாள் அங்காயி மூன்றாவது காம்பிலும் கை வைத்தாள். நாலு நாள் போனதும் நாலாவதிலும் வைத்தாள். கன்றை முட்டவிடுவாள். மடி சுரந்ததும் கழுத்துக்கயிற்றைப் பிடித்து இழுத்து வைக்கோல்போருக்குப் பின்னால் கட்டிவிட்டு வந்து கடைசிச் சொட்டுவரை கறப்பாள்.

கொல்லையில் சுற்றிக்கொண்டிருந்த ஈ ஒன்று இதைப் பார்த்துவிட்டுச் செவலையின் காதில் போய்ச் சொன்னது. "நாலு காம்பையும் அவளே கறக்கிறா. உன் கன்னு போருக்குப் பின்னால பட்டினி கிடக்கு."

செவலை அங்காயியிடம் நேராகவே கேட்டது.

"உன் கன்னு மூஞ்சியத் திருப்பிக்குது செவலை. வயிறு நிறைஞ்சிருக்கும் போல. பாலை விட்டுவச்சா மடி கட்டிக்கிடுமேன்னுதான் கறக்கேன்," என்றாள் அங்காயி. கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"கேட்டியா? அவளும் பிள்ளை பெத்தவதானே. பிள்ளை விஷயத்துல பொய் சொல்லுவாளா?" என்று செவலை ஈயைத்தான் கடிந்துகொண்டது.

கன்று ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. முதலில் துள்ளல் போனது. பிறகு குரல் போனது. ஒருநாள் காலையில் அங்காயி போய்ப் பார்த்தபோது வைக்கோல்போருக்குப் பின்னால் அது கால்களை நீட்டிக்கொண்டு கிடந்தது. வாய் நிறைய மண். பசிக்கு மண்ணை நக்கியிருக்கிறது. பாவி மகள், அதைப் பார்த்து அவள் மனம் என்ன பாடு பட்டதோ, அது அவளுக்குத்தான் தெரியும். ஆனால் அந்த நேரத்திலும் அவள் நினைத்தது இதைத்தான்: கன்று செத்தது தெரிந்தால் செவலை பாலை நிறுத்திவிடும்.

கன்றின் கண்ணோரத்தில் ஈ உட்கார்ந்திருந்தது. அது விருட்டென்று எழுந்து செவலை இருந்த பக்கமாகப் பறக்கப் பார்த்தது. அங்காயி தாவி அதை உள்ளங்கைக்குள் பிடித்துவிட்டாள்.

"விடு. நான் போய்ச் சொல்லணும்," என்று கைக்குள்ளிருந்து ஈ கத்தியது.

"சொல்லாதே. கேட்டா கன்னு தூங்குதுன்னு சொல்லு."

"இல்லாததைச் சொல்ல எனக்குத் தெரியாது."

"நான் சொல்லித் தாரேன்."

"அதுக்கு என்னை நசுக்கிடேன். அது சுலபம்தானே?" என்றது ஈ.

"உன்னை நசுக்கினா நாளைக்கு இன்னொருத்தி வந்து சொல்லுவா. சொல்லாத ஈ ஒண்ணுதான் எனக்கு வேணும்."

அங்காயி சுற்றுமுற்றும் பார்த்தாள். அந்தப் பஞ்சத்தில் ஒரு ஈக்குக் கொடுக்க அவளிடம் என்ன இருந்தது? பூ இல்லை, தேன் இல்லை, வெல்லத்தின் வாசனைகூட அந்த வீட்டில் இல்லை. வேலியில் இருந்து ஒரு வேலமுள்ளை ஒடித்தாள். இடதுகைச் சுட்டுவிரலில் குத்தினாள். துளிர்த்த இரத்தத்தை ஈயின் முன்னால் நீட்டினாள்.

ஈ முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு லேசாக நக்கியது. பிறகு நிறுத்தவில்லை. குடித்து முடித்ததும் வெகுநேரம் அசையாமல் இருந்தது.

"உள்ளே என்னமோ பண்ணுது," என்றது கடைசியில். "என் வயித்துல முட்டை நிறையுது அங்காயி. நாங்க தேனைக் குடிச்சுட்டு வருஷத்துக்கு ரெண்டு முட்டை இடுவோம், அதுவும் பாதி கூமுட்டையாப் போகும். இது கொத்துக் கொத்தா நிறையுது."

"தினமும் தாரேன். தூங்குதுன்னு சொல்லு," என்றாள் அங்காயி.

ஈ பறந்து போனது. செவலையின் காதோரம் உட்கார்ந்தது. "கன்னு எங்கே?" என்று செவலை கேட்டது. "தூங்குது," என்று ஈ சொன்னது. ஈயின் வாயில் வந்த முதல் பொய் அது.

சடையன் வந்து கன்றைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான். அங்காயி அவனை உட்காரவிடவில்லை. தோலை உரித்து, உள்ளே வைக்கோலை அடைத்து, கற்றாழை நாரால் தைத்து, நாலு குச்சியைக் காலாக நிறுத்தி ஒரு கன்று செய்யச் சொன்னாள்.

"ஏ புள்ள, செத்த பிள்ளையக் காட்டிப் பெத்தவளை ஏமாத்தச் சொல்றியே. இது அடுக்குமா?" என்றான் அவன்.

"அடுக்காது. அதுக்குண்டானதை நான் படுதேன். நீ தையி."

அவன் தைத்தான். அங்காயி அந்தத் தோலின் மேல் உப்புத் தண்ணீரைத் தெளித்தாள். உப்புக்கு மாடு நக்கும், நக்கினால் சுரக்கும் என்று அவளுக்குத் தெரியும். வைக்கோல் கன்றைக் கொண்டுவந்து செவலையின் முகத்துக்கு முன்னால் நிறுத்தினாள்.

செவலை மோந்து பார்த்தது. வாசனை தன் பிள்ளையுடையதுதான். "ஏன் இப்படி விறைச்சு நிக்குது?" என்று கேட்டது.

"குளிரு. காலுக்கு வலுவில்ல," என்றாள் அங்காயி.

"குரலைக் காணோமே?"

"தொண்டை கட்டியிருக்கு."

செவலை ஈயைப் பார்த்தது. "ஆமா, நான் பார்த்தேன், தொண்டைதான் கட்டியிருக்கு," என்றது ஈ. செவலை பெருமூச்சு விட்டுவிட்டு, தோலை நக்க ஆரம்பித்தது. மடி சுரந்தது. அங்காயி குனிந்து கறந்தாள்.

பிள்ளை தேறியது. கன்னத்தில் சதை பிடித்தது, ஆளைப் பார்த்துச் சிரிக்கப் பழகியது. ஆனால் தினமும் காலையில் ஈ வந்து அங்காயியின் தோளில் உட்காரும். இடதுகை விரல் ஐந்திலும் புண் வந்தது, வலதுகைக்கு மாறினாள். முதலில் ஒரு சொட்டு கேட்ட ஈ, பிறகு இரண்டு கேட்டது, பிறகு வயிறு நிறையும்வரை என்றது. கொல்லையில் மாட்டு மூத்திரம் தேங்கி நின்ற சேற்றில் அது இட்ட முட்டைகள் எல்லாம் புழுவாக நெளிந்துகொண்டிருந்தன. ஆண் ஈக்களை இதற்கு அழைக்கவே இல்லை. அவர்கள் பாட்டுக்குப் பூவைத் தேடிக்கொண்டிருந்தார்கள், இன்றும் அப்படித்தான் இருக்கிறார்கள். முட்டை இடுகிறவளுக்குத்தானே இரத்தம் வேண்டும்.

ஒருநாள் அங்காயி எவ்வளவு குத்தியும் விரலில் இரத்தம் வரவில்லை. தலை சுற்றி வேலியைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு இப்பவே வேணும். இல்லேன்னா போய்ச் சொல்லிடுவேன்," என்றது ஈ.

இங்கேதான் எனக்கு அங்காயி மேல் ஆத்திரம் வருகிறது. பிள்ளையின் பசிக்காகக் காம்பில் கை வைத்தாள், சரி. பாலுக்காகப் பொய் சொன்னாள், அதையும் விடுங்கள். ஆனால் அடுத்து அவள் செய்தது, தன் விரல் வலித்தது என்பதற்காக.

கையில் இருந்த வேலமுள்ளின் நுனியை நகத்தால் ஒடித்து ஈயிடம் நீட்டினாள். "இந்தா, இதை வாயில வச்சுக்கோ. இனி நீயே குத்திக் குடி. என்கிட்ட வராதே. அங்கே நிக்குது பாரு, அம்மாம்பெரிய உடம்பு. எவ்வளவு குடிச்சாலும் குறையாது," என்று செவலையைக் கைகாட்டினாள்.

ஈ முள்ளை வாயில் பொருத்திக்கொண்டது. பறந்து போய்ச் செவலையின் விலாவில் உட்கார்ந்து குத்தியது. செவலையின் தோல் சிலிர்த்தது.

"ஐயோ, என்னமோ குத்துதே! என்னன்னு பாரு," என்றது செவலை.

"உண்ணியா இருக்கும்," என்று ஈ குடித்துக்கொண்டே சொன்னது. இந்தப் பொய்யை அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை.

முட்டையிலிருந்து வந்த மகள் ஈக்கள் எல்லாம் தாயைப் போலவே வாயில் முள்ளோடு பிறந்தன. செவலையின் வயிற்றிலும் மடியிலும் தடித்துத் தடித்துச் சிவந்தது. கட்டிக் கிடக்கும் மாடு என்ன செய்யும்? வலியை மறக்கக் கன்றை நக்கியது. காலையில் நக்கியது, மாலையில் நக்கியது, உப்பு தீர்ந்த பிறகும் விடாமல் நக்கியது. மாட்டின் நாக்கு முரடு. கற்றாழை நார் ஒவ்வொரு இழையாக அறுந்து வந்தது.

ஒருநாள் உச்சி வெயிலில் அங்காயி செம்போடு கொல்லைக்கு வந்தாள். செவலை எதையோ மென்றுகொண்டிருந்தது. தொட்டியில் தீனி இல்லை என்பது அங்காயிக்குத் தெரியும். கிட்டப் போய்ப் பார்த்தாள். கன்றின் வயிற்றுத் தையல் பிரிந்து, வைக்கோல் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. பசியில் இருந்த செவலை நாக்கில் தட்டியதை இழுத்துத் தின்றிருக்கிறது. பாதி வயிறு காலியாகியிருந்தது.

அங்காயியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் செவலை மெல்லுவதை நிறுத்தியது. தன் வாயில் இருந்து தொங்கிய வைக்கோலைப் பார்த்தது. கன்றைப் பார்த்தது. மூக்கால் ஒருமுறை தள்ளியது. கன்று பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது, சத்தமே இல்லை.

"அங்காயி, என் பிள்ளைக்கு உள்ளே வைக்கோல் இருக்கே," என்றது.

அங்காயி குனிந்து, விழுந்த கன்றைத் தூக்கி நிறுத்தப் பார்த்தாள்.

"நீ சொல்லு. தூங்குதுன்னு சொன்னியே," என்று செவலை ஈயைக் கேட்டது. ஈ அதன் விலாவில் வயிறு புடைக்கக் குடித்துக்கொண்டிருந்தது. "தூங்கத்தான்..." என்று தொடங்கியது. அதுவரை சும்மா தொங்கிக்கொண்டிருந்த வால் சுழன்று வந்து ஓங்கி அடித்தது. ஈ நசுங்கியது. அதன் வயிற்றில் இருந்த செவலையின் இரத்தம் செவலையின் மேலேயே தெறித்தது. ஆனால் மகள்கள் ஏற்கெனவே ஊரெல்லாம் பரவியிருந்தார்கள்.

அன்றோடு பால் நின்றது. அங்காயி தவிட்டைக் காட்டினாள், மடியைத் தடவினாள், காலில் விழுந்தாள். ஒரு சொட்டு இறங்கவில்லை. இரண்டாம் நாள் பிள்ளையின் அழுகை தேய்ந்தது. மூன்றாம் நாள் காலையில் அது அழவே இல்லை, கண்ணை மட்டும் திறந்து வைத்திருந்தது. மண் தின்று கிடந்த கன்றின் கண்ணும் அப்படித்தான் இருந்தது என்று அங்காயிக்கு நினைவு வந்தது.

அவள் பிள்ளையைக் கொண்டுவந்து செவலையின் முன்னங்காலுக்கு அடியில் வெறும் தரையில் கிடத்தினாள். சடையன் பதறிக் கம்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். "ஏ புள்ள, மிதிச்சுரும்!" என்று கத்தினான்.

"மிதிக்கட்டும். அதுக்கு உரிமை இருக்கு. நீ தள்ளி நில்லு," என்றாள்.

பிறகு செவலையிடம் சொன்னாள். "உன் கன்னு மூஞ்சியத் திருப்பல. காம்பைத் தேடித் தேடிக் கத்துச்சு. நான்தான் இழுத்துக் கட்டினேன். நாலு காம்பையும் கறந்து இதுக்குக் குடுத்தேன். உன் பிள்ளை பட்டினியா செத்துச்சு. தோலை உரிக்கச் சொன்னது நான். ஈக்கு முள்ளு குடுத்து உன் மேல ஏவிவிட்டதும் நான்தான். இதுதான் என் பிள்ளை. என்ன செய்யணுமோ செஞ்சுக்கோ."

செவலை முன்னங்காலைத் தூக்கியது. சடையன் கண்ணை மூடிக்கொண்டான். கால் வெகுநேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு பிள்ளைக்குப் பக்கத்தில் மெதுவாக ஊன்றியது. செவலை குனிந்து பிள்ளையின் வாயை மோந்தது.

"என் பால் வாசனை அடிக்குது. என் பிள்ளை வாயில அடிக்க வேண்டிய வாசனை," என்றது.

பிள்ளையின் நெற்றியை ஒரே ஒரு தடவை நக்கியது. மடி கனத்து, காம்பில் இருந்து பால் தானாகச் சொட்டத் தொடங்கியது.

"இது ஒரு தப்பும் பண்ணல. இதுக்குத் தாரேன். உனக்கு ஒண்ணும் இல்ல அங்காயி, ஒரு வார்த்தைகூட இல்ல. பேச்சை நம்பித்தான் என் பிள்ளையப் பறிகொடுத்தேன். இனி எனக்குப் பேச்சு வேண்டாம். ஈக்கு முள்ளு குடுத்தவ நீதானே? உன் கொல்லையில நான் கட்டிக் கிடக்கிறவரைக்கும் அதை நீயே விரட்டு."

மாடு பேசிய கடைசிப் பேச்சு அது. செய்தி பரவி, எல்லா ஊர் மாடுகளும் வாயை மூடிக்கொண்டன.

அங்காயி ஈயை விரட்டப் பட்ட பாடு கொஞ்சமில்லை. வேப்பங்கொத்தை வைத்து விசிறினாள், கை ஓய்ந்தால் திரும்ப வந்தன. வேப்பெண்ணெயைத் தேய்த்துவிட்டாள், வெயிலில் காய்ந்ததும் திரும்ப வந்தன. சாணியை அள்ளிக் குப்பைக்குழியில் கொட்டினாள், மூத்திரம் தேங்கிய பள்ளத்தை மண் போட்டு மூடினாள். கொஞ்சம் குறைந்தன, ஆனால் ஒழியவில்லை. அவள் இரத்தத்தின் ருசி தெரிந்த வம்சம் அல்லவா, அவளையும் விடவில்லை, அவள் பிள்ளையையும் விடவில்லை. பிள்ளையின் தொடையில் முதல் தடிப்பைப் பார்த்த அன்று அவள் ஈயைத் திட்டவில்லை. தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஒரு மாலை, எரிந்துகொண்டிருந்த வறட்டியின் மேல் பச்சை நொச்சித் தழையையும் வேப்பந்தழையையும் போட்டு மூடினாள். தீ அடங்கிப் புகை எழுந்தது. அந்தப் புகை மூட்டத்தில் ஈக்கள் வழி தெரியாமல் விலகிப் போயின. செவலையின் தோல் சிலிர்ப்பது நின்றது. மறுநாளும் மூட்டம் போட்டாள். பிள்ளை வளர்ந்து ஓடித் திரிகிற வயதிலும் போட்டாள். புகைக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு செவலையிடம் பேசுவாள். இன்றைக்கு என்ன சமைத்தாள், பிள்ளை எங்கே விழுந்தது, எல்லாம் சொல்வாள். நடுவில் நிறுத்தி அதன் முகத்தைப் பார்ப்பாள். செவலை அசைபோட்டுக்கொண்டிருக்கும்.

மாடு நாள் முழுக்க வாலைச் சுழற்றுவதும், பொழுது சாய்ந்தால் தொழுவத்தில் மூட்டம் போடுவதும் அன்று தொடங்கியவைதான். மூட்டம் போடுகிறவள் மாட்டிடம் ஏதாவது பேசிக்கொண்டே போடுவதும் அன்று முதல்தான். மாடு மட்டும் இன்றுவரை பதில் சொல்லவில்லை.